உழைத்த கைகளுக்கு ஏன் இந்த வெட்கம்?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

 

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். மணமகன் நன்கு படித்தவர். நல்ல பணியில் இருப்பவர். அவருடைய தகப்பனாரின் பெயரை எழுதிவிட்டு, தொழில் என்னவென்று கேட்டேன். மணமகன் என் காதருகே குனிந்து, "வியாபாரம் என்று எழுதிவிடுங்கள் ஹஜ்ரத்" என்றார். அவருடைய வாப்பாவை நான் நன்கு அறிவேன். நாற்பது ஆண்டுகளாக அந்த மஹல்லாவில் முடி திருத்தி வருபவர். அங்கே பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஏழாம் நாள் முடி இறக்கியவர் அவர்தாம். நான் நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் நின்றிருந்த அந்தப் பெரியவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு, "ஆமாம் ஹஜ்ரத், வியாபாரம்தான்" என்றார். நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

இரண்டு சாட்சிகள் கையொப்பமிடும் ஏட்டில், உண்மை பேசுங்கள் என்று மிம்பரில் நின்று உபதேசிக்கும் இந்தக் கையால், உண்மையல்லாத ஒன்றை எழுதினேன். அன்றிலிருந்து அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருக்கிறது. பொய் எழுதியதற்காக மட்டுமல்ல. ஹலாலான உழைப்பால் ஒரு மகனைப் படிக்கவைத்து ஆளாக்கிய தகப்பன், அந்த மகனின் மகிழ்ச்சியான நாளிலேயே தன் உழைப்பை மறைத்துத் தலைகுனிய நேர்ந்ததே! அந்த வெட்கத்தை அவருக்குக் கொடுத்தது யார்? அவருடைய தொழிலா? இல்லை. நாம்தான் கொடுத்தோம். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஜும்ஆவும் வியர்வையும்

சகோதரர்களே! இன்று ஜும்ஆவுக்காகக் குளித்து, வெள்ளுடை உடுத்தி, அத்தர் பூசி வந்திருக்கிறீர்கள். இந்தக் குளிப்பு எப்படி வந்தது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதை அறிவிக்கிறார்கள். நபித்தோழர்கள் தங்கள் வேலைகளைத் தாங்களே செய்யும் உழைப்பாளிகளாக இருந்தார்கள். வேலை செய்த அதே கோலத்தில் ஜும்ஆவுக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் மேனியிலிருந்து வியர்வை வாடை எழும். அப்போதுதான், நீங்கள் குளித்துவிட்டு வரலாமே என்று அவர்களிடம் கூறப்பட்டது. புகாரி நூலில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு இன்னும் விரிவானது. அம்மக்கள் வறுமையில் இருந்தார்கள். கம்பளி ஆடை அணிந்து, முதுகில் சுமை சுமந்து உழைத்தார்கள். பள்ளிவாசலோ குறுகியது, கூரையும் தாழ்வானது. வெப்பம் மிகுந்த ஒரு நாளில் அந்தக் கம்பளிக்குள் வியர்த்து, ஒருவர் வாடை மற்றவருக்கு இடையூறாயிற்று. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இந்த நாளில் குளித்து, கிடைக்கின்ற நல்ல எண்ணெயையும் நறுமணத்தையும் பூசிக்கொள்ளும்படி சொன்னார்கள். இது அபூதாவூதில் உள்ளது.

இதில் நபி (ஸல்) அவர்கள் எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சுமை தூக்கும் வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. வாடை வீசுவோர் பின் வரிசைக்குப் போங்கள் என்றும் சொல்லவில்லை. குளித்து வாருங்கள் என்றார்கள், அவ்வளவுதான். வியர்வைக்குத் தண்ணீர் போதும். வெட்கம் தேவையில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாம் குளிக்கும் குளிப்பு, உழைக்கும் மனிதர்களின் வியர்வையை ஒட்டிப் பிறந்த சுன்னத்து. அந்தச் சுன்னத்தைப் பேணுகின்ற நாமே உழைப்பவரை ஏளனமாகப் பார்த்தால் அது எத்தனை பெரிய முரண்பாடு!

நான் நின்று பேசும் இந்த மிம்பரும் அப்படித்தான். மதீனாவில் முதல் மிம்பர் தேவைப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் ஒரு பெண்மணிக்கு ஆளனுப்பி, தச்சு வேலை தெரிந்த அவருடைய பணியாளைக் கொண்டு அதைச் செய்துதரும்படி கேட்டார்கள். அல்காபா எனும் இடத்து மரத்தைக் கொண்டு அந்தத் தச்சர் அதைச் செய்தார். இமாம்கள் ஏறி நிற்கும் உயரம், ஒரு தச்சரின் கைவேலையால் வந்த உயரம்.

தொழிலைக் காட்டிப் பழித்தவர்கள் யார்?

ஒருவருடைய தொழிலைக் காட்டி அவரை இழிவாகப் பேசும் வழக்கம் புதியதன்று. அது மிகப் பழையது. ஆனால் அதை முதலில் பேசியவர்கள் யார் என்று தெரிந்தால் நாம் அஞ்சுவோம்.

சூரா அஷ்ஷுஅராவின் 111ஆம் வசனத்தைப் பாருங்கள். நூஹ் (அலை) அவர்களின் சமுதாயத் தலைவர்கள், கீழானவர்கள் உம்மைப் பின்பற்றியிருக்கும்போது நாங்கள் எப்படி உம்மை நம்புவது என்று கேட்டார்கள். அந்த முஃமின்கள் நெசவு, செருப்புத் தைத்தல் போன்ற வேலைகளைச் செய்துவந்தவர்கள். அதனாலேயே அப்படிப் பழிக்கப்பட்டார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்கம் எழுதியுள்ளார்கள். அதற்கு நூஹ் (அலை) அவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? அவர்கள் செய்துகொண்டிருப்பதைப் பற்றி எனக்கென்ன தெரியும், அவர்களுடைய கணக்கு என் இறைவனிடம் அல்லவா இருக்கிறது என்றார்கள். ஈமானோடு வந்தவர்களை நான் விரட்டமாட்டேன் என்று உறுதியாகக் கூறிவிட்டார்கள்.

அதே கூட்டம் நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டியபோதும் அவர்களைக் கடந்துசெல்லும் போதெல்லாம் பரிகசித்ததாக சூரா ஹூதின் 38ஆம் வசனம் கூறுகிறது. நபியாக இருந்தவர் தச்சராகிவிட்டாரே என்பதுதான் அந்தப் பரிகாசம் என்று தஃப்ஸீர்களில் காணலாம். பரிகசித்தவர்கள் மூழ்கினார்கள். பரிகசிக்கப்பட்ட தச்சு வேலை, முஃமின்களை ஏற்றிக்கொண்டு மிதந்தது.

மக்காவிலும் இதே குணம் இருந்தது. கப்பாப் இப்னுல் அரத் (ரலி) அவர்கள் கொல்லர். ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷிப் பிரமுகருக்கு ஒரு வாள் செய்து கொடுத்துவிட்டு, கூலியைக் கேட்கச் சென்றார்கள். முஹம்மதை நிராகரித்தாலொழியத் தரமாட்டேன் என்றான் அவன். நீ இறந்து மீண்டும் எழுப்பப்படும் வரை அது நடக்காது என்று கப்பாப் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். அப்படியானால் நான் எழுப்பப்படும்போது எனக்குப் பொருளும் மக்களும் தரப்படும். அங்கே தந்துவிடுகிறேன் என்று அவன் கேலி பேசினான். ஓர் ஏழைக் கொல்லரின் கூலிக் கணக்கை வானத்திலிருந்து அல்லாஹ் கவனித்தான். சூரா மர்யமின் 77 முதல் 80 வரையிலான வசனங்கள் அவனைக் கண்டித்து அருளப்பட்டன. உழைத்தவனின் கூலியை மறுத்து, அவனையே ஏளனமும் செய்பவன் யாருடைய வழியில் நிற்கிறான் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

புகாரி இமாம் அமைத்த பாடங்கள்

கொல்லர் கப்பாப் (ரலி) அவர்களின் இந்த நிகழ்ச்சியை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் எங்கே பதிவு செய்திருக்கிறார்கள் தெரியுமா? வணிகம் பற்றிய பகுதியில், கொல்லர் பற்றிய பாடம் என்றே ஒரு தலைப்பிட்டு அதன்கீழ் அமைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் பாருங்கள்: பொற்கொல்லர், தையற்காரர், நெசவாளர், தச்சர், இறைச்சி விற்பவர், இரத்தம் குத்தி எடுப்பவர் என ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிப் பாடம். அறிஞர்கள் தலையில் வைத்துப் போற்றும் ஹதீஸ் நூலில் இந்தத் தொழிலாளர்களுக்கெல்லாம் இடம் உண்டு. நம் வீட்டு விருந்துகளில் அவர்களுக்கு இடம் உண்டா?

ஒரு தையற்காரர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். அவர்கள் மறுக்காமல் சென்றார்கள். ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் சேர்ந்த குழம்பும் வைத்தார் அவர். நபி (ஸல்) அவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டார்கள். அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிரியமானதாகிவிட்டது என்கிறார்கள் உடன் சென்ற அனஸ் (ரலி) அவர்கள்.

ஒரு பெண்மணி தம் கையாலேயே நெய்த போர்வை ஒன்றைக் கொண்டுவந்து நபி (ஸல்) அவர்களுக்கு அணியக் கொடுத்தார். அது அவர்களுக்குத் தேவையாகவும் இருந்தது, பெற்று உடுத்திக்கொண்டார்கள். பிறகு ஒருவர் கேட்டதும் அதைக் கொடுத்தும் விட்டார்கள். எனக்குக் கஃபனாக வேண்டும் என்றே கேட்டேன் என்றார் அவர். அதுவே அவருக்குக் கஃபனாயிற்று. அந்த நெசவுக்காரப் பெண்மணியின் கை உழைப்பு நபியின் மேனியைத் தழுவி, ஒரு தோழரின் கப்ருவரை சென்றது.

நபிமார்களும் கைத்தொழில் செய்தே வாழ்ந்தார்கள். தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள். அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கித் தந்து, கவசம் செய்யக் கற்றுக்கொடுத்ததை அல்லாஹ் தன் அருட்கொடையாகவே சொல்லிக்காட்டுகிறான். ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்கிறது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் ஆண்டுக்கணக்கில் ஆடு மேய்த்தார்கள். நம் நாயகம் (ஸல்) அவர்களும், மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகள் கூலிக்கு மேய்த்ததாகத் தாமே சொன்னார்கள். அகிலத்தின் அருட்கொடையான அவர்கள், தாம் வாங்கிய கூலியைத் தோழர்களிடம் மறைக்கவில்லை!

தோல் பதனிட்ட அன்னை

தாய்மார்களுக்கும் ஒரு செய்தி. முஃமின்களின் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைத்தொழில் அறிந்தவர்கள். தோலைப் பதனிட்டு, தைத்து, அதில் வந்த வருவாயை அல்லாஹ்வின் பாதையில் தர்மம் செய்தார்கள். தம் மனைவியரில் கை நீளமானவரே தம்மை முதலில் வந்து சந்திப்பார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருந்தார்கள். அன்னையர் தங்கள் கைகளை அளந்து பார்த்துக்கொண்டார்கள். ஸைனப் (ரலி) அவர்கள் முதலில் மறைந்தபோதுதான், நீளம் என்றது கையால் உழைத்து வாரி வழங்கியதை என்று விளங்கிற்று.

தோல் என்றதும் நம் ஊர்கள் நினைவுக்கு வருகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோல் தொழிலால் செழித்த ஊர்கள் நமக்கு உண்டு. அந்தச் செல்வத்தால் பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் கல்லூரிகளும் எழுந்தன, அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். தோல் வியாபாரி என்றால் எழுந்து நின்று ஸலாம் சொல்கிறோம். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை எடுத்துச் சுரண்டுபவர் என்றால் ஒரு பிடி தள்ளி உட்காருகிறோம். தோல் ஒன்றே, வாடையும் ஒன்றே. இருவரையும் பிரித்துவைத்தது பணமே தவிர, மார்க்கமல்ல.

பத்தமடைக்குச் செல்லுங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை வாங்கி, இழை இழையாகக் கிழித்து, பட்டுப்போன்ற பாய் நெய்யும் நம் சகோதர சகோதரிகளைக் காணலாம். மணமக்களின் பெயரைச் சேர்த்தே நெய்த கல்யாணப் பாய்க்கு எத்தனை மதிப்பு! அந்தப் பாயில் அமர்வதைப் பெருமையாகக் கருதும் நாம், அந்தப் பாயை நெய்த வீட்டில் பெண்ணெடுக்கத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு அல்லாஹ்விடம் என்ன காரணம் சொல்வோம்?

நம் முன்னோர் தொழிலால் அறியப்பட வெட்கப்படவில்லை. குதிரையோடு இணைந்த பெயர் ராவுத்தர். மரக்கலத்தோடு இணைத்துச் சொல்லப்படும் பெயர் மரைக்காயர். நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் குடும்பப் பெயர்களே தொழிலின் வாசம் உடையவை. இமாம்களின் பெயர்களையும் பாருங்கள். ஹிஜ்ரி 261இல் மறைந்த ஹனஃபி அறிஞர், வக்ஃப் சட்டங்களைத் தனி நூலாகத் தொகுத்தவர், கஸ்ஸாஃப் எனப்பட்டார். செருப்புத் தைப்பவர் என்பது அதன் பொருள். அந்த உழைப்பில்தான் அவர் உண்டார். ஹிஜ்ரி 370இல் மறைந்த ஜஸ்ஸாஸ், சுண்ணச் சாந்து வேலையால் பெயர் பெற்றவர். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் கஃப்பால் மர்வஸீ பூட்டுச் செய்பவராக இருந்து, முப்பது வயதையொட்டிக் கல்வியில் இறங்கி இமாமாக உயர்ந்தவர். இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வணிகர். தங்கள் தொழிலை அவர்கள் மறைக்கவில்லை. பெயரோடு சூடிக்கொண்டார்கள். நம் பிள்ளைகளோ தகப்பனின் தொழிலைப் பதிவேட்டில்கூட எழுத அஞ்சுகிறார்கள்.

அபூஹிந்துக்குப் பெண் கொடுங்கள்

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்கலாம். இரத்தம் குத்தி எடுப்பவரின் வருவாயைக் குறைத்துச் சொல்லும் ஹதீஸும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அதோடு மற்றதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். நபி (ஸல்) அவர்கள் அபூதைபா என்பவரிடம் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டு, ஒரு ஸாவு பேரீச்சம்பழத்தைக் கூலியாகக் கொடுத்தார்கள். அவருடைய எஜமானர்களிடம் பேசி, அவர்மீது விதித்திருந்த தொகையையும் குறைக்கச் செய்தார்கள். அந்தக் கூலி ஹராமாக இருந்திருந்தால் நபி (ஸல்) அவர்கள் கொடுத்திருக்கமாட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கிவிட்டார்கள்.

இன்னொரு கேள்வி, ஃபிக்ஹு நூல்களில் வரும் கஃபாஅத், அதாவது திருமணப் பொருத்தம் பற்றியது. அதில் தொழிலையும் அறிஞர்கள் பலர் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். உண்மைதான். பெண் புதுக் குடும்பத்தில் சிரமப்படக்கூடாது என்ற அக்கறையில், அந்தந்த ஊர் வழக்கத்தைக் கருதிச் சொல்லப்பட்ட சட்டம் அது. பெண்ணும் அவளுடைய வலீயும் மனமொப்பினால் அந்த நிக்காஹ் தாராளமாகச் செல்லும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ மார்க்கப் பற்றையே முதன்மையான பொருத்தமாகக் கொண்டார்கள். ஒரு பெண்ணைப் பாதுகாக்க வந்த சட்டத்தை, ஒரு மனிதனை இழிவுபடுத்தும் ஆயுதமாக்க எந்த இமாமும் அனுமதி தரவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு ஹதீஸைக் கேளுங்கள். பனூ பயாளா குலத்தாரைச் சார்ந்து வாழ்ந்த அபூஹிந்த் (ரலி) என்ற தோழர் இரத்தம் குத்தி எடுப்பவர். நபி (ஸல்) அவர்களின் உச்சந்தலையிலேயே அவர் அந்தச் சிகிச்சையைச் செய்தார். அப்போது நபி (ஸல்) அவர்கள் பனூ பயாளாவினரை அழைத்து, அபூஹிந்துக்குப் பெண் கொடுங்கள், அவரிடத்தில் பெண் எடுக்கவும் செய்யுங்கள் என்று சொன்னார்கள். இதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூத் பதிவுசெய்துள்ளது.

கொடுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை; எடுக்கவும் செய்யுங்கள் என்றார்கள். இரக்கப்பட்டுச் செய்யும் உதவியாக அன்றி, சமமான உறவாக அது அமையவேண்டும் என்பதே அதன் கருத்து. சகோதரர்களே! அந்தச் சபையில், பதிவேட்டில் வேறு எதையாவது எழுதுங்கள் என்று அபூஹிந்த் (ரலி) அவர்கள் கேட்க வேண்டியிருந்ததா? அவருடைய தொழில் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொழிலைச் செய்த அந்த நேரத்திலேயே அவருக்குச் சம்பந்தம் பேசினார்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

வெட்கப்பட வேண்டியது எது?

அப்படியானால் தொழில் விஷயத்தில் வெட்கமே கூடாதா? உண்டு. வெட்கப்படவேண்டிய வருவாய் உண்டு. அதை நாம் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம் என்பதுதான் வேதனை.

வட்டிக்கு விட்டுப் பெருத்தவர் காரில் வந்து இறங்கினால் முன்வரிசையில் நாற்காலி போடுகிறோம். கையூட்டு வாங்கி மாடி கட்டியவரைக் கெட்டிக்காரர் என்கிறோம். எடையில் குறைத்தவர், வேலையாளின் கூலியை மாதக்கணக்கில் இழுத்தடித்தவர், மகனுக்குக் கைக்கூலி வாங்கித் தொழில் தொடங்கியவர் ஆகியோரெல்லாம் ஊரில் தலைநிமிர்ந்து நடக்கிறார்கள். துடைப்பம் பிடித்தவரும் கத்தரிக்கோல் பிடித்தவரும் தலைகுனிந்து நடக்கிறார்கள். குனியவேண்டிய தலை நிமிர்ந்திருக்கிறது. நிமிரவேண்டிய தலை குனிந்திருக்கிறது.

பொருள் ஹலாலில் வந்ததா, ஹராமில் வந்ததா என்று மனிதன் கவலைப்படாத ஒரு காலம் வரும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தலைவிரிகோலமாய், புழுதி படிந்து, வானத்தை நோக்கிக் கையேந்தி இறைஞ்சும் ஒரு பயணியைக் குறித்தும் சொன்னார்கள்; அவனுடைய உணவும் பானமும் உடையும் ஹராம் என்றால் அவன் துஆ எப்படி ஏற்கப்படும் என்று கேட்டார்கள். கூலியாளிடம் முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்பதும் புகாரியில் உள்ள செய்தி. வெட்கமும் அச்சமும் இங்கேதான் வேண்டும்.

பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிய ஒரு பெண்மணி மதீனாவில் இருந்தார். சில நாட்கள் அவரைக் காணாமல் நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, அவர் மவுத்தாகிவிட்டார் என்றார்கள் தோழர்கள். எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். அவருடைய விஷயத்தைத் தோழர்கள் சிறியதாகக் கருதிவிட்டார்கள் போலும் என்கிறது அறிவிப்பு. நபி (ஸல்) அவர்கள் அதைச் சிறியதாகக் கருதவில்லை. கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள். நம் பள்ளியைக் கூட்டும் முஅத்தினாரின் வீட்டு நிலைமை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உள்ளத்தை மாற்றும் நிய்யத்து

இளைஞர்களே! உங்களோடும் சில வார்த்தைகள். உங்களில் பலர் செய்யும் வேலையை வெறுத்துக்கொண்டே செய்கிறீர்கள். வளைகுடா நாடுகளில் வெயிலில் நின்று கட்டட வேலையோ துப்புரவு வேலையோ செய்துகொண்டு, வீட்டாரிடம் கம்பெனியில் வேலை என்று மட்டும் சொல்லும் சகோதரர்களை நான் அறிவேன். விடுமுறையில் வரும்போது அத்தர் மணக்கிறது. அங்கே சிந்திய வியர்வையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. வீட்டார் தன்னைக் குறைவாக எண்ணிவிடுவார்களோ என்ற பயம்!

அவர்களுக்காக ஒரு ஹதீஸ். உடல் வலிமை மிக்க ஒருவர் உழைப்பில் சுறுசுறுப்பாகச் செல்வதைக் கண்ட தோழர்கள், இந்தச் சுறுசுறுப்பு அல்லாஹ்வின் பாதையில் இருக்கக்கூடாதா என்றார்கள். நபி (ஸல்) அவர்கள், அவர் தம் சிறு குழந்தைகளுக்காக உழைக்கப் புறப்பட்டிருந்தால் அது அல்லாஹ்வின் பாதையே. முதிய பெற்றோருக்காகப் புறப்பட்டிருந்தாலும் அல்லாஹ்வின் பாதையே. பிறரிடம் கையேந்தாமல் தம்மைக் காத்துக்கொள்ளப் புறப்பட்டிருந்தாலும் அல்லாஹ்வின் பாதையே. பகட்டுக்காகவும் பெருமைக்காகவும் என்றால்தான் அது ஷைத்தானின் பாதை என்று விளக்கினார்கள். தப்ரானீயில் இது உள்ளது.

வேலை எது என்பதை வைத்தல்ல, அது யாருக்காக, எப்படி என்பதை வைத்தே அல்லாஹ் எடைபோடுகிறான். காலையில் கடையைத் திறக்கும்போதும், பேருந்தில் ஏறும்போதும், தறியில் அமரும்போதும் இந்த நிய்யத்தை மனத்தில் வையுங்கள். வேலை அதே வேலைதான். உள்ளம் மாறிவிடும். இன்னும் நல்ல வேலைக்கு முயல்வதை மார்க்கம் தடுக்கவில்லை, கற்றுக்கொள்ளுங்கள், முன்னேறுங்கள். ஆனால் இன்று கையில் இருக்கும் ஹலாலை இகழாதீர்கள். கயிற்றை எடுத்துச் சென்று விறகு சுமந்து விற்பது, மனிதர்களிடம் கேட்டு நிற்பதைவிடச் சிறந்தது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கும்போது, எந்த ஹலாலான உழைப்பு நமக்குக் கேவலமாகும்?

பெற்றோர்களே! உங்கள் தொழிலைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். ஒரு நாளாவது உங்கள் உழைப்பிடத்துக்கு அவர்களை அழைத்துச் சென்று, நீங்கள் உண்ணும் சோறு இங்கிருந்துதான் வருகிறது என்று காட்டுங்கள். மாப்பிள்ளை தேடும்போது, அவருடைய வாப்பா என்ன தொழில் என்பதற்கு முன்னால், அவர்கள் வீட்டு வருவாய் ஹலாலா என்று கேளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஊரில் எந்தத் தொழில் செய்பவருக்கும் நிர்வாகத்தில் இடமில்லை என்ற எழுதாத சட்டம் இருந்தால், அதை இன்றே அழித்துவிடுங்கள். பள்ளியின் ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பவர், மஷ்வராவில் மட்டும் வெளியே நிற்கலாமா?

இறுதியாக, எனக்கு நானே சொல்லிக்கொள்வது. அந்தத் திருமணத்திற்குப் பிறகு அந்தப் பெரியவரை ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பார்த்தேன். மாஃப் செய்துவிடுங்கள், நான் அப்படி எழுதியிருக்கக்கூடாது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை நல்லா இருந்தால் போதும் ஹஜ்ரத்" என்றார். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் அவை. மறுமையில் அந்தக் கை அவருக்குச் சாட்சி சொல்லும். அந்தப் பதிவேடு எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதிருக்க அல்லாஹ்விடம் பிழைபொறுக்கக் கேட்கிறேன். இனி அந்த இடத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதுவேன். அதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்காத ஒரு மஹல்லாவை உருவாக்கவேண்டியது உங்கள் பொறுப்பும் என் பொறுப்பும் ஆகும்.

யா அல்லாஹ்! எங்களுக்கு ஹலாலான ரிஸ்கை விசாலமாக்குவாயாக! அதில் பரக்கத் செய்வாயாக! ஹராமான வருவாயை விட்டும் எங்களையும் எங்கள் சந்ததிகளையும் காப்பாயாக! உழைப்பவர்களை மதிக்கும் உள்ளத்தையும், உழைப்பில் நிம்மதி காணும் மனத்தையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! எங்களை வளர்க்கத் தேய்ந்த பெற்றோரின் கைகளுக்கு இம்மையிலும் மறுமையிலும் கண்ணியத்தை அருள்வாயாக! ஆமீன்.

புகழனைத்தும் அகிலங்களின் அதிபதியாகிய அல்லாஹ்வுக்கே!